புது வண்டி யார்டில் எத்தனை நாள் நின்றது என்று வாங்குகிறவருக்குச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டிசம்பர் பிறந்ததிலிருந்து உங்கள் நாளிதழில் கார் விளம்பரம் இல்லாத நாளே இல்லை. ஆண்டு இறுதித் தள்ளுபடி, எக்ஸ்சேஞ்ச் போனஸ், இலவச உதிரிபாகங்கள் என்று முழுப்பக்கம் வருகிறது. அடியில் சின்ன எழுத்தில் ‘ஸ்டாக் உள்ளவரை மட்டும்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த ஸ்டாக் எங்கே நிற்கிறது, எப்படி நிற்கிறது என்று வண்டி வாங்குகிற யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. திருச்சியில் ஒரு கார் டீலரின் ஸ்டாக்யார்டில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

கார் தொழிற்சாலையிலிருந்து நேராக ஷோரூமுக்கு வருகிறது என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். ஷோரூமில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பது நான்கைந்து வண்டிதான். மற்றதெல்லாம் ஊருக்கு வெளியே யார்டில் நிற்கும். எங்கள் யார்டு மதுரை சாலையில் இருந்தது. ஒரு காலத்தில் சோளம் போட்ட நிலம். கிராவல் கொட்டி மட்டம் செய்து, கம்பி வேலி போட்டு, தகரக் கொட்டகையில் ஒரு வாட்ச்மேனைக் குடும்பத்தோடு குடிவைத்திருந்தார்கள். கூரை கிடையாது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்திலிருந்து வருகிற வண்டி ஒரு ராத்திரியில் வந்து சேரும். ஹரியானாவிலிருந்து வருவது டிரெய்லரில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் வெயிலையும் மழையையும் பார்த்துவிட்டு வரும்.

வந்த வண்டி எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் விஷயம். நம் ஊரில் ஆடியில் யாரும் புது வண்டி எடுப்பதில்லை. மார்கழியிலும் வீட்டுப் பெரியவர்கள் விடமாட்டார்கள், தை பிறக்கட்டும் என்பார்கள். கார் கம்பெனிக்கு ஆடி, மார்கழிக் கணக்கு கிடையாது. மாதாமாதம் இத்தனை வண்டி எடுத்தாக வேண்டும் என்று டீலருக்கு ஒரு எண்ணிக்கை வரும். ஆடி முழுக்க டிரெய்லர் வந்துகொண்டே இருக்கும், வெளியே போவது ஒன்றிரண்டுதான். வரிசைக்கு வரிசை இடைவெளி குறைந்து, கடைசியில் கதவைத் திறக்கவே இடமில்லாமல், ஒல்லியான பையனாகப் பார்த்து உள்ளே அனுப்பி வண்டியை எடுக்கச் சொல்வோம். கதவு ஓரத்தில் பெயிண்ட் உரசுவது அந்த நாட்களில்தான்.

இது எங்கள் யார்டின் கதை மட்டுமல்ல. 2024 செப்டம்பர் நிலவரத்தைப் பற்றி டீலர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பே அறிக்கை விட்டது. நாடு முழுக்க 7.9 லட்சம் கார்கள் விற்காமல் தேங்கியிருந்தன, மதிப்பு 79,000 கோடி ரூபாய். நாள் கணக்கில் பார்த்தால் 80 முதல் 85 நாள் விற்பனைக்கான சரக்கு. 21 நாளுக்கு மேல் இருப்பு வைக்கக் கூடாது என்று அதே கூட்டமைப்பு பல வருடமாகச் சொல்லிவருகிறது. பணம் முடங்குகிறதே என்று டீலர்கள் கவலைப்பட்டார்கள், நியாயமான கவலைதான். அந்த 7.9 லட்சம் வண்டிகளும் எங்கேயோ ஒரு வெட்டவெளியில் நின்றிருக்கும் அல்லவா? பிறகு அவை யாரோ ஒருவர் வீட்டுக்குப் புது வண்டியாகப் போயிருக்கும் அல்லவா? அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

நிற்கிற வண்டிக்கு என்ன ஆகும் என்று கேட்கலாம். முதலில் அடிபடுவது பேட்டரி. இன்றைய காரில் பூட்டி வைத்த பிறகும் அலாரம், கடிகாரம், போனோடு பேசுகிற கருவி என்று ஏதாவது ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது பல வண்டிகளில் இவற்றை அணைத்து வைக்கிற ‘டிரான்ஸ்போர்ட் மோடு’ இருக்கும். யார்டில் வண்டியை நகர்த்துகிற பையன் அதை எடுத்துவிட்டு, திரும்பப் போடாமல் அடுத்த வண்டிக்குப் போய்விடுவான். அவனைக் குறை சொல்ல முடியாது, அதைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.4-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போட வேண்டும் என்பது நான் வைத்திருந்த கணக்கு. காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்குள், மீட்டரை எடுத்துக்கொண்டு ஒரு வரிசை முழுக்கப் போவேன். பானெட் பனியில் நனைந்திருக்கும். ஒவ்வொரு வண்டியாகத் திறந்து, முனையில் குச்சியை வைத்து, சேஸிஸ் எண்ணின் கடைசி ஆறு இலக்கத்துக்கு நேராக வோல்ட்டை நோட்டில் எழுதுவேன். 12.5, 12.3, 12.4 என்று போகும். திடீரென்று ஒன்று 11.2 காட்டும். அந்த வண்டி பல நாளாக அப்படிக் கிடந்திருந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிப்போயிருக்கும். சார்ஜரில் போட்டால் மறுபடியும் 12.6 வரும், செல்ப் அடித்தால் ஸ்டார்ட் ஆகும், டெலிவரியும் கொடுத்துவிடலாம். ஆனால் அந்த பேட்டரியின் ஆயுளில் ஒரு பகுதி போனது போனதுதான். அடுத்த வருடம் ஏதோ ஒரு கல்யாண மண்டப வாசலில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும்போது, ‘நீங்கள் ஓட்டாமலே வைத்திருந்தீர்கள்’ என்று வண்டிக்காரரிடமே சொல்வார்கள். ஓட்டாமல் வைத்திருந்தது அவரில்லை என்பதற்குச் சாட்சி என் நோட்டு. அந்த நோட்டு வாங்கியவர் கைக்கு ஒருநாளும் போனதில்லை.

டயர் விஷயம் சின்னது, ஆனால் ஆபத்தானது. பயணத்துக்காகவும் நெடுநாள் நிற்பதற்காகவும் தொழிற்சாலையிலேயே காற்றை அதிகம் அடித்து அனுப்புவார்கள், அழுத்தம் 40 பி.எஸ்.ஐ.-க்கு மேல்கூட இருக்கும். டெலிவரிக்கு முன் அதைக் கதவு ஓரத்தில் எழுதியிருக்கிற அளவுக்கு, பெரும்பாலும் 30-லிருந்து 35-க்குள், இறக்க வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிட்டால் வண்டி தூக்கித் தூக்கிப் போடும், மழையில் பிரேக் அடித்தால் வழுக்கும். ‘புது வண்டி அப்படித்தான் சார் இருக்கும்’ என்று பதில் வரும். அப்படி இருக்கக் கூடாது. பிரேக் டிஸ்க்கில் மேலாகத் தெரிகிற துருவுக்குப் பயப்பட வேண்டாம், நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். ஐப்பசி மழையில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு மாதக்கணக்கில் நிறுத்தினால்தான் உள்ளே ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் விவரம் தெரிந்த யார்டில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்துவார்கள்.

எங்கள் பக்கத்துக்கென்று ஒரு தொல்லை உண்டு, மயில். விராலிமலைப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். பளபளப்பான கறுப்பு வண்டியின் கதவில் தன் உருவத்தைப் பார்த்து, இன்னொரு மயில் வந்துவிட்டது என்று கொத்த ஆரம்பித்துவிடும். ஒரு காலைக்குள் கதவு முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கீறல் விழுந்திருக்கும். கறுப்பு வண்டிகளைப் பழைய போர்வை போட்டு மூடிவைக்க நான் சொல்வேன். பறவை எச்சம் வெயிலில் காய்ந்தால் பெயிண்டின் மேல்பூச்சை அரித்துவிடும், அதை அன்றன்றைக்கே தண்ணீர் ஊற்றி ஊறவைத்துத் துடைக்க வேண்டும். எலி சீட்டுக்கு அடியில் கூடு கட்டும், ஒயரைக் கடிக்கும். இதையெல்லாம் பார்க்க எனக்குக் கொடுத்திருந்தது இரண்டே பையன்கள். சம்பளம் ஒரு ஹோட்டலில் டேபிள் துடைக்கிற பையனுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. பத்து லட்ச ரூபாய்ப் பொருளைப் பாதுகாக்கிறவனுக்கு மழைக்கோட்டுகூட வாங்கித் தராத முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன்.

டிரெய்லர்க்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகலில் ஊருக்குள் கனரக வாகனத்துக்குக் கட்டுப்பாடு, மாதக் கடைசி அவசரம், இரண்டும் சேர்ந்து பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல்தான் யார்டுக்கு வந்து நிற்பார்கள். மூன்று நான்கு நாள் தூக்கம் இல்லாத கண்ணோடு, டார்ச் வெளிச்சத்தில், மேல்தட்டிலிருந்து சாய்வுப் பலகை வழியாகக் காரைப் பின்னாலேயே இறக்குவார்கள். பம்பரின் அடிப்பக்கம் உரசுவது அங்கேதான். இறக்கும்போது ஏற்பட்ட சேதத்தை டிரைவரின் வாடகையில் பிடிப்பார்கள். அதனால் அவர் என்ன செய்வார்? கீறல் மேல் மெழுகைத் தேய்ப்பார், சேற்றைப் பூசுவார், இருட்டிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பப் பார்ப்பார். நான் அவர் மேல் கோபப்படவில்லை. வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணத்தைப் பிடித்தால் எந்த மனிதனும் மறைக்கத்தான் செய்வான். விடியும்வரை இறக்காதீர்கள், கொட்டகையில் படுத்துத் தூங்குங்கள், டீ வாங்கித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டவர்கள் இறக்கிய வண்டியில் கீறல் குறைவாகவே இருந்தது.

இப்போது நான் சொல்லவரும் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சிவப்பு நிறச் சின்ன கார். நெடுஞ்சாலையில் வேலை நடந்ததால் டிரெய்லர் ஊர்ப் பாதையில் திரும்பி வந்திருக்கிறது. சாலையோரப் புளியமரக் கிளை மேல்தட்டு வண்டியின் கூரையில் இழுத்துவிட்டது. கை நீளத்துக்குக் கீறல், நடுவில் ஒரு பள்ளம். வந்த அன்றே போட்டோ எடுத்தேன், வரவுத் தாளில் எழுதினேன், டிரைவரிடம் கையெழுத்தும் வாங்கினேன். இன்சூரன்ஸில் பணம் வந்தது. டீலரின் பட்டறையிலேயே டிங்கரிங் பார்த்துக் கூரை முழுக்கப் பெயிண்ட் அடித்தார்கள். வேலையும் மோசமில்லை. பிறகு டெலிவரிக்கு முந்தைய சோதனைக்கு, பி.டி.ஐ. என்பார்கள், புதிதாக ஒரு தாள் போட்டார்கள். அதில் ‘மேற்கூரை – சரி’ என்று டிக் அடித்திருந்தது.

வாங்கியவர்களிடம் சொல்லிவிடலாம், கொஞ்சம் விலையைக் குறைத்துக் கொடுக்கலாம் என்று மேனேஜரிடம் சொன்னேன். ‘சரிபண்ணியாச்சு, அப்புறம் எதுக்குச் சொல்லணும்?’ என்றார். மணப்பாறைப் பக்கம் ஆசிரியர் வேலை பார்க்கிற கணவனும் மனைவியும் அந்த வண்டியை எடுத்தார்கள். அந்தக் குடும்பத்துக்கே முதல் கார். அந்த அம்மாவின் மாமியார் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, பானெட்டைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அடுத்த கோடையில் கூரை ஓரத்தில் பெயிண்ட் உரிந்து வந்தபோது அவர்களுக்குக் கிடைத்த பதில், வெயிலில் நிறுத்தியிருப்பீர்கள், பராமரிப்பு போதவில்லை என்பது. நான் எழுதிய தாள் அதே கட்டடத்தில், மாடியில் ஒரு பைலில் இருந்தது. அதை அவர்கள் கேட்டிருக்க முடியாது, ஏனென்றால் அப்படி ஒரு தாள் இருக்கிறது என்பதே வாங்குகிறவருக்குத் தெரியாது.

வக்கீலாக இருக்கிற என் மகளிடம் இதைப் பற்றிப் புலம்பியபோது அவள் ஒரு பழைய வழக்கைச் சொன்னாள். 1990-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு டாக்டர் 40,750 டாலர் கொடுத்துப் புது பி.எம்.டபிள்யூ. வாங்கினார். வரும் வழியில் அமில மழையில் பெயிண்ட் கெட்டு, கம்பெனி 601 டாலர் செலவில் மறுபடி அடித்து விற்றிருந்தது. விலையில் 3 சதவீதத்துக்குள் முடிகிற பழுதைச் சொல்லத் தேவையில்லை என்பது கம்பெனியின் கொள்கை. ஜூரி 4,000 டாலர் நஷ்டஈடும், அதற்கு மேல் தண்டனையாக 40 லட்சம் டாலரும் போட்டது. மாநில உச்ச நீதிமன்றம் அதைப் பாதியாக்கியது. அதுவும் அளவுக்கு மீறியது என்று 1996-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது, அதுவும் நியாயம்தான். ஆனால் ஜூரியின் தீர்ப்பு வந்த கையோடு, எவ்வளவு சின்னப் பழுதாக இருந்தாலும் சொல்லிவிடுவது என்று கம்பெனி தன் முறையை மாற்றிக்கொண்டது. எனக்கு அந்தக் கடைசி விஷயம்தான் பெரிதாகப் பட்டது. மறைக்காமல் சொல்ல முடியும், அதனால் வியாபாரம் ஒன்றும் படுத்துவிடாது.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2019-ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரத்தைத் தெரிந்துகொள்வது வாங்குகிறவரின் உரிமை என்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் 42-வது விதி, பதிவு செய்யாமல் டீலர் வண்டியைக் கையில் கொடுக்கக் கூடாது என்கிறது. நல்ல விதி. ஆனால் இதைக் காட்டியே, முழுப் பணத்தையும் வாங்கி, உங்கள் பேரில் பதிவு செய்து, நம்பர் பிளேட்டும் மாட்டிய பிறகுதான் வண்டியைக் கண்ணில் காட்டுகிற பழக்கம் பல இடங்களில் வந்துவிட்டது. கொடுக்கத்தான் கூடாதே தவிர, காட்டக் கூடாது என்று விதியில் எங்கேயும் இல்லை. பதிவான பிறகு குறை தெரிந்தால் அந்த வண்டி ஏற்கெனவே உங்களுடையது. மாற்றிக் கொடு என்று கேட்கும் பலம் பாதி போய்விடுகிறது.

விற்பனைச் சான்றான படிவம் 21-ல், வண்டி தயாரான மாதம், வருடம் எழுத இடம் இருக்கிறது. டீலர் யார்டுக்கு வந்த தேதி எழுத இடமில்லை. வரும் வழியில் அடிபட்டுச் சரி செய்ததா என்று எழுதவும் இடமில்லை. இந்த இரண்டு வரிகளையும் சேர்க்கும்படி மாநிலப் போக்குவரத்துத் துறை மத்திய அரசுக்கு எழுத வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரைக்கும் காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. வரவுத் தாள், பேட்டரி கணக்கு, பி.டி.ஐ. தாள் மூன்றும் ஒவ்வொரு வண்டிக்கும் டீலரிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு நகல் எடுத்து இன்வாய்ஸோடு வைத்துக் கொடுக்க என்ன செலவாகும்? நேர்மையாக யார்டு நடத்துகிற டீலர்கள் திருச்சியிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்கு இது விளம்பரமாகவே அமையும்.

இந்த மாதம் பணம் கட்டப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டிசம்பர் தள்ளுபடியில் வாங்குவதில் தப்பில்லை. ஜனவரி பிறந்தால் அதே வண்டி போன வருடத்து வண்டியாகிவிடும், விற்கும்போது விலை குறையும், அதனால்தான் இறக்கித் தருகிறார்கள். ஆர்.சி.-யில் தயாரான மாதமும் வருடமும் இருக்கும், தையில் பதிவு செய்வதால் அது மாறாது. ஆகவே, பேரம் பேசும்போதே சேஸிஸ் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணுள்ள வண்டியைப் பதிவுக்கு அனுப்புவதற்கு முன்னால், பகல் வெளிச்சத்தில், கழுவி மெழுகு போடுவதற்கு முன் யார்டிலேயே காட்டச் சொல்லுங்கள். கூரையைப் பார்க்க ஒரு ஸ்டூல் கேளுங்கள், யாரும் மேலே பார்ப்பதில்லை. பம்பருக்கு அடியில் கையைவிட்டுத் தடவிப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருடம். நாலு டயரும் ஸ்டெப்னியும் ஏறக்குறைய ஒரே காலத்தவையாக இருக்க வேண்டும். பேட்டரி வோல்ட்டை உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, ‘இது தண்ணியில நின்ன வண்டியா?’ என்று எங்களிடம் கேட்காதவர்கள் குறைவு. அந்தச் சந்தேகம் இருந்தால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள், ஸ்டெப்னி வைக்கிற குழியில் வண்டல் இருக்கிறதா என்று பாருங்கள், சீட்டுக்கு அடியில் இருக்கிற இரும்புப் பட்டையில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

காட்ட முடியாது என்று சொன்னால், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தமிழிலேயே பேசலாம். அந்த ஆசிரியர் தம்பதி இதைப் படித்தால், அவர்கள் வண்டி யார்டுக்கு வந்த அன்று கூரையின் நிலை என்ன என்று நுகர்வோர் ஆணையத்தில் வந்து சாட்சி சொல்ல நான் தயார். என் விலாசம் ஆசிரியர் அலுவலகத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டாக்யார்டு சூப்பர்வைசர்
(பெயர் வெளியிட வேண்டாம்)
திருச்சி